கவிழ்ந்த பாத்திரம்

ஒரு பௌத்தத் துறவி மாமரத்தடியில் அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முற்பகல் வேளை, பசி வந்துவிட்டது. கனிந்த பழம் ஒன்று கிளையிலிருந்து நழுவி அவர் மடியிலேயே வந்து விழுகிறது. மரத்துக்கு உரியவர் என்று எவரும் இல்லை. ஆயினும் அதை அவர் உண்ணலாகாது. வழியே போகும் ஒருவர், சிறுபிள்ளையாயினும் சரி, அதை எடுத்து அவரிடம் கொடுக்கவேண்டும். அப்போதுதான் அது அவருக்கு உணவு. கொடுக்கப்படாத எதையும், நீரும் பல்குச்சியும் நீங்கலாக, வாயில் இடக்கூடாது என்பது தேரவாத மரபின் பாதிமோக்கத்தில் பிக்குகளுக்கு விதிக்கப்பட்ட 227 விதிகளில் ஒன்று.

தனியாகப் பார்த்தால் இது கள்ளாமை என்னும் அறத்தை எல்லைவரை கொண்டுசென்ற ஒரு நுணுக்கமாகவே தோன்றும். அண்டை விதிகளோடு சேர்த்துப் படித்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. மண்ணைத் தோண்டக்கூடாது, செடிகொடிகளைப் பறிக்கவோ வெட்டவோ கூடாது, ஆகவே உழவு இல்லை. பொன்னும் வெள்ளியும் ஏற்கக்கூடாது. ஆகவே கடைத்தெரு இல்லை. தானே சமைக்கக்கூடாது. இன்று பெற்ற சோற்றை நாளைக்கென்று எடுத்துவைக்கக்கூடாது. நண்பகல் கடந்தால் உண்ணக்கூடாது. நோயுற்றிருந்தாலன்றித் தனக்காகச் சோறோ குழம்போ கேட்டு வாங்கவும் கூடாது. வாசலில் பேசாமல் நிற்கலாம், இட்டால் ஏற்கலாம், இடாவிட்டால் அடுத்த வாசலுக்கு நடக்கலாம்.

உலகைத் துறந்தவர் ஒவ்வொரு விடியலிலும் உலகத்தின் வாசலுக்கு வந்தே தீரவேண்டும் என்பதுபோல இவ்விதிகள் அமைந்துள்ளன. காட்டுக்குள் சென்று காய்கனி உண்டு வாழும் முனிவரின் வழி பௌத்தப் பிக்குவுக்கு அடைக்கப்பட்டுவிட்டது. நாம் இக்கட்டுரையில் பார்க்க விரும்புவது இந்தச் சார்பை. ஒருவர் கையில் பாத்திரமும் மற்றவர் கையில் அகப்பையும் இருக்கும்போது, யார் யாரைக் கட்டுப்படுத்துகிறார்?

விநயபிடகத்தைப் பொறுமையாக வாசிப்பவர்கள் ஒரு செய்தி சலிக்காமல் திரும்பத் திரும்ப வருவதைக் கவனிப்பார்கள். ஏதோ ஒரு பிக்கு ஏதோ ஒன்றைச் செய்கிறார். ஊரார் முகம் சுளித்துப் பேசிக்கொள்கிறார்கள். பேச்சு புத்தரின் காதை எட்டுகிறது. ஒரு விதி பிறக்கிறது. மழைக்காலத்தில் பிக்குகள் ஓரிடத்தில் தங்கும் வழக்கமே இப்படி வந்ததாகத்தான் மகாவக்கம் சொல்கிறது. பிற சமயத்தார் மழைக்கு ஒதுங்கியிருக்க, பறவைகளும் கூட்டில் அடங்கியிருக்க, சாக்கியரின் சீடர்கள் மட்டும் பசும்புல்லையும் சிற்றுயிர்களையும் மிதித்துக்கொண்டு திரிகிறார்களே என்று மக்கள் குறைகூறினார்கள். உபோசத நாளில் சங்கம் கூடுவது மகத அரசன் பிம்பிசாரனின் யோசனை. பெற்றோரின் இசைவின்றி மகனுக்குத் துறவு தரலாகாது என்ற விதி, பேரன் இராகுலனையும் இழந்த சுத்தோதனர் கேட்டுப் பெற்றது. இவற்றைப் படிக்கும்போது, சங்கத்தின் சட்டநூலில் பெரும்பகுதியை இல்லறத்தாரே எழுதினார்கள் என்று சொல்லிவிடத் தோன்றுகிறது.

இவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது இராசகிருகத்துச் சிறுவன் உபாலியின் கதை. தமது காலத்துக்குப் பிறகு மகன் துன்பமின்றிப் பிழைக்க என்ன வழி என்று அவனுடைய பெற்றோர் கலந்து பேசுகிறார்கள். எழுத்துவேலை கற்றால் விரல் நோகும்; கணக்கு கற்றால் நெஞ்சு நோகும்; நாணயம் பார்க்கும் தொழில் கற்றால் கண் நோகும். சாக்கியத் துறவிகளைப் பாருங்கள். நல்ல சாப்பாடு, காற்றடிக்காத படுக்கை. (மகனுக்கு அரசாங்க உத்தியோகம் தேடும் நம்மூர்ப் பெற்றோரை நினைவுபடுத்தாமல் இந்தப் பகுதியைப் படிப்பது கடினம்.) பையன் இதை ஒட்டுக்கேட்டுத் தோழர்களிடம் சொல்ல, பதினேழு சிறுவர்கள் பிக்குகளாகிவிடுகிறார்கள். பின்னிரவில் எழுந்து கஞ்சி வேண்டுமென்று அழுகிறார்கள், விடியட்டும், கிடைத்தால் குடிக்கலாம் என்று மூத்தவர்கள் சமாதானம் சொல்ல, அழுகை நிற்பதில்லை, படுக்கையும் நனைந்துவிடுகிறது. விடியற்காலையில் குழந்தைகளின் குரல் கேட்டுப் புத்தர் விசாரிக்கிறார். இருபது வயது நிறையாதவருக்கு உபசம்பதை இல்லை என்ற விதி அங்கே பிறந்தது.

இவை நடந்தவையா, விதிகளுக்குக் காரணம் காட்டப் பிற்காலத்தார் புனைந்தவையா என்ற கேள்வி ஆய்வாளர்களுக்கு உரியது. இவற்றைப் பாதுகாத்துவந்த சமூகம் தன்னைப் பற்றி என்ன நினைத்தது என்பதற்கு இவை உறுதியான சான்றுகள். நமக்கு அது போதும்.

முணுமுணுப்பு ஒருபுறம் இருக்க, இரு தரப்பாரும் ஒருவரையொருவர் முறையாகத் தண்டிக்கும் ஏற்பாடுகளும் விநயத்தில் உள்ளன. அதிகம் பேசப்படாத பகுதி இது.

மச்சிகாசண்டம் என்ற ஊரில் சித்தர் என்றொரு இல்லறத்தார் இருந்தார். அறத்தை எடுத்துரைப்பதில் உபாசகர்களுள் முதல்வர் எனப் புத்தரால் சிறப்பிக்கப்பட்டவர். சம்யுத்த நிகாயத்தில் அவர் பெயரிலேயே ஒரு பகுதி உண்டு. சுதம்மர் என்ற பிக்கு அவருடைய ஆதரவில் அங்கே தங்கி, கட்டட வேலைகளை மேற்பார்த்து, நாள்தோறும் அவர் வீட்டு உணவை உண்டுவந்தார். யாரை விருந்துக்கு அழைப்பதானாலும் சித்தர் முதலில் இவரைக் கேட்பது வழக்கம். ஒருமுறை சாரிபுத்தர், மொக்கல்லானர் முதலிய பெரியோர் வந்திருந்தபோது, அவர்களுடைய உபதேசத்தைக் கேட்ட மகிழ்ச்சியில், சுதம்மரைக் கேளாமலே அவர்களை மறுநாள் உணவுக்கு அழைத்துவிட்டார். பிறகு சுதம்மரையும் அழைத்தார். அவர் மறுத்தார். ஆனால் மறுநாள் காலையில், என்னதான் சமைத்திருக்கிறார்கள் பார்ப்போம் என்று வந்து நின்றார். எல்லாம் இருக்கிறது, எள்ளுப் பலகாரம் ஒன்றுதான் இல்லை என்றார்.

உரைகாரர்களின் விளக்கம் இல்லாவிட்டால் இந்தச் சொல்லின் கூர்மை நமக்குப் புரியாது. சித்தரின் முன்னோரில் ஒருவர் பலகாரம் சுட்டு விற்றவராம். குலத்தொழிலைச் சொல்லிக் குத்துவது எத்தனை பழைய வழக்கம்! சித்தரும் சளைக்கவில்லை. தென்னாட்டு வணிகர் கீழைநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டைக்கோழி காகத்தோடு கூடிப் பெற்ற குஞ்சு, காகம்போலக் கரையவும் வராமல் கோழிபோலக் கூவவும் வராமல் விழித்த கதையைச் சொன்னார். புத்தரின் சொற்கள் எத்தனையோ இருக்க, உமக்கு நாவில் வந்தது எள்ளுப் பலகாரம்தானா என்பது பொருள்.

சினத்தோடு சாவத்திக்குச் சென்று முறையிட்ட சுதம்மருக்குக் கிடைத்தது கண்டனம். நம்பிக்கையுள்ள கொடையாளர் ஒருவரை இழிவுபடுத்திய குற்றத்துக்காகச் சங்கம் அவர்மீது ‘படிசாரணீய கம்மம்’ என்ற நடவடிக்கை எடுத்தது. அவர் திரும்பிச் சென்று சித்தரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். போனார், வாசல்வரை சென்றும் கூச்சத்தால் வாய்திறக்க முடியாமல் திரும்பிவிட்டார். பிறகு துணைக்கு ஒரு பிக்குவை அனுப்பி அந்த மன்னிப்பை நிறைவேற்றினார்கள். உபாசகர் பிக்குவின் காலில் விழுந்து வணங்குவதையே கண்டு பழகியவர்கள், பிக்கு உபாசகர் முன் பொறை வேண்டி நிற்கும் இந்தக் காட்சியையும் அதே நூல் விதியாக்கியிருப்பதைக் கவனிக்கவேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்து ஏற்பாடுதான் பாத்திரத்தைக் கவிழ்ப்பது. ‘பத்த நிக்குஜ்ஜன கம்மம்’ என்று சுல்லவக்கம் இதைக் குறிப்பிடுகிறது. இதன் பின்னணியிலும் சோறுதான். தப்ப மல்லபுத்தர் என்பவர் பிக்குகளுக்கு இருக்கை ஒதுக்கும் பொறுப்பையும், யார் எந்த வீட்டில் உண்பது என்று பங்கிடும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். மெத்தியர், பூமஜகர் என்ற இருவருக்குத் தொடர்ந்து மட்டமான உணவே வாய்த்தது. நல்ல விருந்தளிப்பவர் என்று பெயரெடுத்த ஒருவர் வீட்டுக்கு இவர்கள் முறை வந்தபோதோ, வருபவர் யாரென்று அறிந்த அந்த மனிதர், வாயிற்புரையிலேயே உட்காரவைத்து நொய்ச்சோறும் புளித்த கஞ்சியும் கொடுக்கச் சொல்லிவிட்டார். இது தப்பரின் வேலை என்று இருவரும் முடிவுகட்டினார்கள். அவர்மீது முதலில் ஒரு பொய்ப்பழியை ஏற்பாடு செய்து அது தோற்றது. பிறகு லிச்சவி குலத்து வட்டர் என்ற நண்பரைத் தூண்டி, தப்பர் தம் மனைவியைக் கெடுத்துவிட்டார் என்று சங்கத்தின் முன் சொல்லவைத்தார்கள்.

விசாரணையில் பொய் வெளிப்பட்டது. வட்டருக்குத் தண்டனை என்ன? அவர் பிக்கு அல்லர். சங்கத்தின் விதி எதுவும் அவரைத் தீண்டாது. சங்கத்தின் கையில் இருந்ததோ ஒன்றே ஒன்று. அவர் கொடுப்பதை வாங்க மறுக்கலாம். சங்கம் கூடி, முன்மொழிவை வைத்து, ஒருமுறை அறிவித்து, எவரும் மறுக்காமையால் நிறைவேற்றியது. பாத்திரத்தை அவர் முன்னே உண்மையிலேயே தலைகீழாக வைப்பதென்று இதற்குப் பொருளில்லை. அவர் வீட்டுக் கொடையை ஏற்பதில்லை என்ற தீர்மானமே கவிழ்ப்பு என்கிறார்கள் உரைகாரர்கள்.

மறுநாள் ஆனந்தர் சென்று செய்தியைச் சொன்னார். வட்டர் அங்கேயே மயங்கி விழுந்தார். உற்றார் உறவினர் தேற்றி, புத்தரிடமும் சங்கத்திடமும் போவோம் என்றார்கள். ஈரத் துணியும் ஈரத் தலையுமாக வந்து காலில் விழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாத்திரம் நிமிர்த்தப்பட்டது.

மயங்கி விழும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? பொருளை இழக்கவில்லை, ஊரைவிட்டுத் துரத்தவில்லை, ஒருபிடிச் சோறு மிச்சம்கூட ஆகியிருக்கும். புண்ணியம் விளையும் நிலம் என்று சங்கத்தைக் கருதியவருக்கு, அந்த நிலத்தில் விதைக்கும் உரிமை போய்விட்டது என்பதே இழப்பு. இறந்துபோன தாய்தந்தையர்க்குப் புண்ணியத்தை வழங்கவும் வழியில்லை. வாங்குபவர் தாழ்ந்தவர், கொடுப்பவர் உயர்ந்தவர் என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது.

மணிமேகலையைப் படித்த தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிதன்று. கோமுகிப் பொய்கையில் கிடைத்த அமுதசுரபி அள்ள அள்ளக் குறையாதது என்பதையே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் அது தானாகச் சுரந்துவிடவில்லை. ஆதிரை என்னும் இல்லத்தரசி முதல் பிச்சை இட்ட பிறகே அது சுரந்தது. துறவி கையிலுள்ள தெய்வப் பாத்திரமும் ஒரு வீட்டு வாசலில் காத்து நிற்கவேண்டியிருந்தது என்று சாத்தனார் அமைத்ததைக் காப்பிய அழகாக மட்டும் கொள்ள நமக்கு மனம் வரவில்லை. விநயம் தமிழ்நாட்டில் நன்கு அறியப்பட்டிருந்தது. உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர், அச்சுத விக்கந்தன் என்ற களப்பிர அரசன் காலத்தில், சோழநாட்டுப் பூதமங்கலத்து விகாரையில் இருந்தபடிதான் ‘விநய வினிச்சயம்’ என்ற பாலி நூலை எழுதினார். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ படித்தவர்கள் இந்தப் பெயர்களை அறிவார்கள்.

இல்லறத்தார் கையில் இருந்த ஆயுதத்தையும் சொல்லவேண்டும். கோசம்பியில் கழிப்பிடத்துக் கலத்தில் மிச்சம் வைத்த நீரைப் பற்றித் தொடங்கிய சச்சரவு, சங்கத்தை இரண்டாகப் பிளந்தது என்பது மரபு. புத்தரே சொல்லியும் கேட்கவில்லை. அவர் வெறுத்துப்போய்ப் பாரிலேய்யகக் காட்டுக்குச் சென்றுவிட்டார். அப்போது கோசம்பி உபாசகர்கள் ஒன்றுகூடி முடிவெடுத்தார்கள்: இனி இவர்களை வணங்குவதில்லை, எழுந்து நிற்பதில்லை, சோறு இடுவதில்லை. சில நாட்களில் இரு தரப்பும் சாவத்திக்குப் புறப்பட்டு வழக்கைத் தீர்த்துக்கொண்டன. புத்தரின் சொல்லால் ஆகாதது பட்டினியால் ஆயிற்று என்பதைத் திரிபிடகம் ஒளிக்காமல் பதிந்துவைத்திருக்கிறது. அங்குத்தர நிகாயத்தின் எட்டாம் பகுதியில், எத்தகைய இல்லறத்தாருக்குப் பாத்திரத்தைக் கவிழ்க்கலாம் என்று எட்டுக் காரணங்களைச் சொல்லும் சுத்தத்தை அடுத்தே, எத்தகைய பிக்குவின்மீது உபாசகர்கள் நம்பிக்கையின்மையை அறிவிக்கலாம் என்று எட்டுக் காரணங்களைச் சொல்லும் சுத்தமும் வைக்கப்பட்டிருக்கிறது.

பிச்சைப் பாத்திரத்தின் இந்த வலிமை எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக்கு வந்த சீனப் பயணி பாகியான், அரசன் செலவில் ஐயாயிரம் ஆறாயிரம் பிக்குகளுக்கு நடந்த பொது உணவுச்சாலையைப் பற்றி எழுதுகிறார். பத்தாம் நூற்றாண்டில் நான்காம் மகிந்தன் மிகிந்தலையில் நாட்டிய கல்வெட்டுப் பலகைகள், விகாரைப் பணியாளர் ஒவ்வொருவருக்கும் என்ன கூலி, அன்றாடச் செலவை எப்படி எழுதிவைப்பது, ஆண்டுமுடிவில் கணக்கைச் சங்கத்தின் முன் எப்படி வைப்பது என்றெல்லாம் விரித்துரைக்கின்றன. நாகப்பட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் தன் 21-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1006-இல், ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். அந்நிலம் 97 வேலிக்கு மேற்பட்டது. அதன் காணிக்கடன் 8,943 கலத்துக்குச் சற்று மிகுந்த நெல். அந்தச் செப்பேடுகள் இன்று லெய்டன் பெயரால் வழங்குகின்றன.

8,943 கலம் நெல் ஆண்டுதோறும் வந்து சேரும் பள்ளியில் எவரும் தெருவுக்கு வந்து நிற்கத் தேவையில்லை. கவிழ்க்கப் பாத்திரமும் இல்லை. நிறுத்திவைக்க அகப்பையும் இல்லை. வட்டரும் சித்தரும் அங்கே யாருக்கும் வேண்டியதில்லை. அரசனோடு மட்டும் கணக்கு வைத்துக்கொண்ட பள்ளிகள் அரசமரபு மாறியபோது எளிதில் தனித்துப்போயின என்று நமக்குத் தோன்றுகிறது. தமிழகத்தில் பௌத்தம் மறைந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. வாசலில் பிக்குவைக் காணும் பழக்கம் விட்டுப்போனது அவற்றில் ஒன்றாக ஏன் இருக்கக்கூடாது?

தெருவைக் கைவிடாத நாடு பர்மா. அங்கே இன்றும் விடியற்காலையில் பிக்குகள் வரிசையாகப் பாத்திரம் ஏந்தி வருகிறார்கள். (உபசம்பதை பெற வழியில்லாத பெண்துறவிகளான திலஷின்கள் சமைத்த சோற்றுக்குப் பதில் அரிசி பெற்றுத் தாமே சமைத்துக்கொள்கிறார்கள். மணிமேகலை கையில் இருந்த பாத்திரம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.) பர்மிய மொழியில் வேலைநிறுத்தத்துக்குச் சொல் ‘தபெய்மௌக்’. பாத்திரத்தைக் கவிழ்த்தல் என்பதுதான் அதன் நேர்ப்பொருள். 1920-இல் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கில அரசின் சட்டத்தை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தபோதும் வழங்கிய சொல் இதுவே. ஒரு நாட்டின் தொழிற்சங்க மொழிக்குள் விநயபிடகம் புகுந்துகொண்டிருப்பது வேறெங்கும் நாம் கேள்விப்படாதது.

1988 எழுச்சியின் இரண்டாம் ஆண்டு நிறைவான 1990 ஆகஸ்ட் 8 அன்று மாண்டலேயில் திரண்ட பிக்குகள்மீதும் மாணவர்கள்மீதும் படையினர் சுட்டார்கள். அம்மாத இறுதியில் மாண்டலேப் பிக்குகள் கூடி, இராணுவத்தாரிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் கொடை ஏற்பதில்லை, அவர்கள் வீட்டுச் சடங்குகளுக்குச் செல்வதில்லை என்று தீர்மானித்தார்கள். ஈமச்சடங்குக்குப் பிக்கு வரமாட்டார் என்பது ஒரு பர்மியக் குடும்பத்துக்கு எத்தகைய செய்தி என்று விளக்கவேண்டியதில்லை. தீர்மானம் பிற ஊர்களுக்கும் பரவியது. அக்டோபரில் அரசு பிக்குகளின் அமைப்புகளைக் கலைத்தது. மடங்களுக்குள் படை நுழைந்தது. பலர் காவியாடை களையப்பட்டுச் சிறைக்குச் சென்றார்கள்.

2007 ஆகஸ்டில் எரிபொருள் விலை ஒரே இரவில் ஏறியபோது மீண்டும் கிளர்ச்சி. செப்டம்பர் 5 அன்று பக்கோக்கு நகரில் ஊர்வலம் சென்ற பிக்குகளைப் படையினர் அடித்தார்கள். 17-ஆம் தேதிக்குள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பிக்குகள் கெடு விதித்தார்கள். மன்னிப்பு வரவில்லை. மறுநாள் பாத்திரம் கவிழ்ந்தது. பல்லாயிரம் பிக்குகள் மெத்த சுத்தத்தை ஓதியபடி ரங்கூன் தெருக்களில் நடந்தார்கள். சிலர் பாத்திரத்தைத் தலைகீழாகவே ஏந்தியிருந்தார்கள். பொதுமக்கள் இருபுறமும் கைகோத்துச் சங்கிலியாக உடன் நடந்தார்கள். 26-ஆம் தேதி முதல் அடியும் துப்பாக்கியும். இரவுகளில் மடங்கள் சூறையாடப்பட்டன.

இந்தக் கவிழ்ப்பு விநயப்படி செல்லுமா என்ற வாதம் அப்போதே எழுந்தது. அரசின் ஆதரவில் 1980-இல் அமைந்த 47 மூத்தோர் கொண்ட சங்க நாயகக் குழு, பிக்குகள் உலகியல் விவகாரத்தில் தலையிடலாகாது என்று ஆணையிட்டது. எட்டுக் காரணங்களைச் சரிபார்த்தால், பிக்குகளுக்குத் தீங்கு செய்ய முனைபவர், அவர்களை இழித்துப் பேசுபவர், சங்கத்தைப் பிரிப்பவர் என்றிவ்வாறுதான் பட்டியல் போகிறது. பெட்ரோல் விலை அதில் இல்லை. கிளர்ச்சிக்காரர்கள் நான்கு கோரிக்கைகள் வைத்தார்கள்: மன்னிப்பு, விலைக்குறைப்பு, அரசியல் கைதிகள் விடுதலை, பேச்சுவார்த்தை. முதலாவது அப்பழுக்கற்ற விநயம். மற்ற மூன்றும் ஊராருடைய குறைகள். காலங்காலமாகச் சோறிட்ட வீடுகளில் உலை ஏறவில்லை என்பதைப் பாத்திரம் ஏந்துபவர்தான் முதலில் அறிகிறார். அவர் அதைப் பேசியதில் விதிமீறல் இருப்பதாக நாம் எண்ணவில்லை.

ஆனால் அதே தெருக்களில் நடந்த பிக்குகளில் ஒரு பகுதியினர், 2012-க்குப் பிறகு முஸ்லிம்களுக்கு எதிரான பிரசாரத்தில் முன்னணியில் நின்றார்கள். 2017-இல் ரோகிங்கியர் இலட்சக்கணக்கில் வங்கதேசத்துக்குத் துரத்தப்பட்டபோது பாத்திரங்கள் நிமிர்ந்தே இருந்தன. எட்டுக் காரணங்களும் சங்கத்துக்கும் மும்மணிகளுக்கும் இழைக்கப்படும் தீங்கையே பேசுகின்றன. வேற்றுச் சமயத்தானுக்கு இழைக்கப்படும் தீங்குக்கு அங்கே இடமில்லை. பக்கோக்குவில் சட்டத்தின் எல்லையைத் தாண்டத் துணிந்தவர்கள் இங்கே எல்லைக்குள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

2021 பிப்ரவரி 1 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பிறகு சங்கம் ஒருமுகமாக நிற்கவில்லை. கிளர்ச்சியில் இறங்கிய பிக்குகளும் உண்டு. தளபதிகளிடம் கொடை வாங்கும் காட்சியை அரசுத் தொலைக்காட்சிக்குத் தந்த பிக்குகளும் உண்டு. நாடெங்கும் பெயர்பெற்ற மூத்த பிக்குகள்மீது, அவர்களை நேற்றுவரை விழுந்து வணங்கிய இல்லறத்தார் வெளிப்படையாகக் குறைகூறத் தொடங்கினார்கள். கோசம்பி உபாசகர்கள் எடுத்த முடிவை இம்முறை தனித்தனி வீடுகள் தத்தம் வாசலில் எடுக்கவேண்டியிருந்தது.